ஒரு குத்து அதிகம்

நல்ல செய்தி என்று ஒரு கவர் வந்தால், பிரிப்பதற்கு முன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் சீல் அக்கா. கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை. விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பது அவள் கை என்பதால் அந்தப் பெயர். அரக்கில் மயிரிழை விரிசல் தெரிந்தால் போதும், கட்டைத் தூக்கிவந்தவனை உட்காரவைத்துக் குடைந்தெடுப்பாள். பதில் திருப்தியாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுவாள்.

திங்கட்கிழமை வந்த கவரில் இருந்தது முதல்வரின் கடிதம். சிறப்பாக வேலை செய்த ஆசிரியர் ஒருவரையும் அலுவலர் ஒருவரையும் வெள்ளிக்கிழமை மேடையேற்றிப் பாராட்டப் போகிறார்களாம். அலுவலர்களில் தேர்வானது அவளாம்.

மனசு ஒரு நிமிஷம் துள்ளத்தான் செய்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எண் மாறியதில்லை, ஒரு தாள் தொலைந்ததில்லை. தவறுகளை எழுதுவதற்கென்றே தேர்வுப் பிரிவில் ஒரு நோட்டு உண்டு. அதில் அவள் பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது. அதைப் பார்த்து யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று அவள் ஏங்கியது உண்மை. அடுத்த நிமிஷம் மூளை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. யார் எழுதிக் கொடுத்தது? எதற்கு? இப்போது ஏன்?

அந்தக் கல்லூரியில் அவளைப் பிடித்தவர்கள் என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு கை விரல்களே மிஞ்சும். தாள்களை ஒரு நாள் தாமதமாகத் திருத்திக் கொடுத்த ஆசிரியரைப் பத்துப் பேர் முன்னால் கேள்வி கேட்டவள் அவள். கூட்டல் பிழையோடு வந்த தாளைத் துறைத்தலைவரின் மேஜைக்கே திருப்பி அனுப்பியவள் அவள். இவர்களில் ஒருவர் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அவளைப் புகழ்ந்து எழுதினார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. யோசிக்க யோசிக்க எல்லாக் கோடும் துணை முதல்வரிடமே போய் நின்றது. அவர் மகள் இதே கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். அடுத்த மாதம் தேர்வு. அவள் எழுதும் ஒவ்வொரு தாளும் சீல் அக்காவின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐஸ் வைக்கிறார்கள், அதுவும் மேடை போட்டு.

போதாததற்கு, எண் போட்ட நாளும் நினைவுக்கு வந்தது. இந்த விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதிக் கொடுக்கலாம், எழுதியவர் பெயர் வெளியே வராது. வந்த பாரங்களையும் விடைத்தாள் போலவே பெயர் மறைத்து அனுப்பச் சொல்லி முதல்வர் அவளிடம் கொடுத்திருந்தார். பாரத்தின் தலையில் யாரைப் பற்றி எழுதியதோ அவருடைய பெயர்ச்சீட்டு, கீழே எழுதிய தாள். அவளிடம் ஒரு நம்பர் மெஷின் இருக்கிறது. அதில் ஒரே எண் இரண்டு முறை விழும், இரண்டாவது குத்துக்குப் பிறகுதான் அடுத்த எண்ணுக்கு உருளும். சீட்டில் ஒரு குத்து, தாளில் ஒரு குத்து. பிறகு சீட்டைக் கிழித்துத் தனிக் கவரில் போட்டு முத்திரை. தாள்கள் மட்டும் வேறொரு கல்லூரிக்குப் போய் மதிப்பெண்ணோடு திரும்பும். சீட்டில் இருக்கும் பெயரை அவள் படிப்பதே இல்லை. படிக்கக் கூடாது என்பது விதி, படிக்காமல் கண்ணை விலக்குவது பழக்கம். அன்று பாதி வேலையில் துணை முதல்வர் கதவருகே வந்து நின்று, எத்தனை பாரம் வந்திருக்கிறது என்று கேட்டார். அவள் அப்போதுதான் எண் குத்தியிருந்த சீட்டைச் சட்டென்று உள்ளங்கையால் மூடினாள். இன்னும் எண்ணி முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, வேலையாக இருக்கிறேன் தெரியவில்லையா என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் கிடந்த ரஃப் தாளில் மெஷினை ஓங்கிக் குத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தன் பாரம் வந்து சேர்ந்ததா என்று வேவு பார்க்க வந்த சிரிப்பு அது என்று இப்போது புரிந்தது.

வீட்டில் அவள் கணவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். சந்தோஷம் வந்தால் அவனுக்கு உட்கார முடியாது.

"யாரு எழுதிக் குடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றாள்.

"யாரா இருந்தா என்னம்மா? குடுக்கறத வாங்கிட்டு வா. நம்ம கல்யாணப் பத்திரிகையிலயே மாப்பிள்ளை பேரு சரிதானான்னு ரெண்டு தடவை பாத்த ஆளு நீ."

"மூணு தடவை" என்று திருத்தினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டதாகவும், முன்வரிசையில் இடம் பிடித்துத் தரும்படியும் கேட்டுக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையைத் தேய்க்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை ஆளாளுக்கு வந்து வாழ்த்தினார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் அடையாள அட்டைப் படத்தோடு ஒப்பிடுவதுபோல் பார்த்தாள். எதையும் எதிர்பார்க்காமல் வந்தவர் பீக்கர் ஒருவர்தான். வேதியியல் ஆய்வக உதவியாளர். முப்பது வருடத்தில் ஒரே ஒரு பீக்கரைத்தான் உடைத்தார், அதையும் முதல்வர் ஆய்வுக்கு வந்த நாளில் அவர் காலடியில் போட்டு உடைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த மாதக் கடைசியோடு ஓய்வு.

"சந்தோஷம் தங்கச்சி. வெள்ளிக்கிழமை பின்னாடி உக்காந்து கை தட்டறேன்" என்றார்.

உங்களுக்குக் கொடுத்திருக்கலாமே அண்ணே என்று அவள் பேச்சுக்குச் சொன்னாள். அவர் இடது கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை முழுக்கச் சுருங்கி வழவழத்த தழும்பு.

"மெமோ வாங்குன கை இது. இதுல யாரு கேடயம் குடுப்பா?"

அந்த மெமோ கதை எல்லாருக்கும் தெரியும். போன வருடம் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் குடுவை பொங்கி, அமிலம் தெறித்து, பீக்கரின் கை வெந்தது. புட்டிகளை அடுக்கி வைப்பது அவர் வேலை. எனவே கவனக்குறைவு அவருடையது என்று விசாரணையில் எழுதி, பணிப்பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேசாமல் இருந்தாரே, அப்படியானால் தப்பு அவர்மேல்தான் இருக்கும் என்று சீல் அக்காவும் அன்று நினைத்தாள்.

புதன்கிழமை பெட்டி திரும்பி வந்தது. பெயர்ச்சீட்டுகள், தாள்கள், மதிப்பெண் பட்டியல், ரஃப் தாள்கூட, எல்லாவற்றையும் மூன்று வருடம் அவள் அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். அலுவலர்களுக்கான பட்டியலில் முதலிடம் பதினேழாம் எண், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அந்த எண்ணுக்குரிய சீட்டை மட்டும் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, மீதியைத் தொடாமல் முதல்வர் அறையில் மறுபடி முத்திரை வைத்திருந்தார்கள். தாளை அங்கே யாரும் படிக்கவில்லை. மேடையில் அவளைப் பற்றிப் படிக்கப்போகிற புகழுரையை, அவள் பணிப்பதிவேட்டைப் பார்த்து மொழித்துறை ஆசிரியர் ஒருவர் பக்கம் பக்கமாகப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார்.

முத்திரை வைத்த கட்டைத் திறப்பது குற்றம். அது தெரியாதவளா அவள்? அடுத்தவன் திறந்திருந்தால் சஸ்பென்ஷன் வாங்கித் தராமல் ஓய்ந்திருக்க மாட்டாள். ஆனால் கல்லூரியில் யாருடைய கையெழுத்தானாலும் ஒரு வரி பார்த்தால் போதும், ஆளைச் சொல்லிவிடுவாள். துணை முதல்வரைக் கையும் களவுமாகப் பிடிக்க அந்த ஒரு வரி வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தன்னோடு சண்டை போட்டுத் தோற்று, வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் கையால் அரக்கை உடைத்தாள்.

பதினேழாம் எண் தாள். கையெழுத்து துணை முதல்வருடையது அல்ல. பொடிப்பொடியாக, சாய்வே இல்லாமல், எண்ணி வைத்தது போன்ற எழுத்து. வேதியியல் மேடம். அறுபதுக்கு மேல் யாருக்கும் மதிப்பெண் போடாததால் கஞ்சம் மேடம் என்று மாணவர்கள் கூப்பிடுகிற அம்மாள், மூன்று பக்கம் எழுதியிருந்தாள். சீல் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த அம்மாளா என்னைப் பற்றி?

இரண்டாவது வரியிலேயே அந்த நிறைவு வடிந்தது. 'காலை ஏழு மணிக்கு ஆய்வகக் கதவைத் திறப்பவர் இவர்' என்று இருந்தது. எந்த மாணவிக்குக் கை நடுங்கும், யாருக்கு எந்த வாடை ஒத்துக்கொள்ளாது என்று இவருக்குத் தெரியும் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் இருந்ததை அவள் நின்றுகொண்டே படித்தாள். 'சென்ற ஆண்டு நடந்த விபத்தில் புட்டியில் லேபிளை மாற்றி ஒட்டியவள் நான். பொங்கிய குடுவையை வெறுங்கையால் பிடித்துத் தொட்டியில் போட்டு அந்தப் பெண்ணின் முகத்தைக் காப்பாற்றியவர் இவர். லேபிளில் இருந்தது என் கையெழுத்து என்று பார்த்ததும், யாரும் வருவதற்குள் அதைக் கிழித்துத் தண்ணீரில் விட்டார். விசாரணையில் நான் வாய் திறக்கவில்லை. அவர் மெமோ வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறுவதற்குள் யாராவது இதைப் படிக்க வேண்டும்.'

எங்கே பிசகியது என்று பார்க்க அவளுக்கு ஐந்து நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. ரஃப் தாளை எடுத்தாள். மை சரியாக விழுகிறதா என்று பார்க்க அவள் எப்போதும் இரண்டு குத்து சேர்த்துக் குத்துவாள். ஒரே எண் இரண்டு தடவை விழுந்து அந்த எண் வீணாகும், மற்றவை தப்பாது. அன்றும் அதன் ஓரத்தில் 'ஒரு எண் வீண்' என்றுதான் எழுதியிருந்தாள். ஆனால் ரஃப் தாளில் இருந்தவை பதினாறு, பதினெட்டு என்று இரண்டு வேறு எண்கள். துணை முதல்வரைப் பார்த்து ஓங்கிக் குத்தினாளே, அந்த ஒரு குத்து தாளில் விழ வேண்டிய பதினாறைத் தின்றுவிட்டது. பீக்கரின் சீட்டில் பதினாறு, தாளில் பதினேழு. அடுத்து வந்த பாரத்தின் சீட்டில் அதே பதினேழு, அது அவள் பெயர்ச்சீட்டு. அந்தத் தாளில் பதினெட்டு விழுந்த பிறகு, மை மங்குகிறதே என்று எதேச்சையாக இன்னொரு குத்து குத்தியிருக்கிறாள். அதில் எல்லாம் மறுபடி நேராகிவிட்டது. வேறு எவரும் செய்யவில்லை. அவளேதான்.

பதினெட்டாம் எண் தாளையும் எடுத்தாள். அதுதான் அவளுக்காக எழுதப்பட்டது. நான்கே வரி, துணை முதல்வரின் கையெழுத்து. 'மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாணவனின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்கப் போனேன். நாற்காலிகூடக் காட்டாமல் திருப்பி அனுப்பினார். அன்று கோபம் வந்தது. என் மகளின் தாளும் இவர் கையில்தான் இருக்கும் என்பதில் இன்று நிம்மதி.' மதிப்பெண் நாற்பத்தொன்று. நான்கு வரிக்கு அதுவே அதிகம். அவள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வெட்கமா, சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இரவு கணவனிடம் சொல்ல வாயெடுத்தாள். தேய்த்த சட்டை கதவில் தொங்கியது. சொல்லாமலே படுத்தாள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பெட்டி அவள் அலமாரியில், சாவி அவள் இடுப்பில். பீக்கர் இன்னும் பத்து நாளில் மெமோவோடு வீட்டுக்குப் போய்விடுவார். தவறு நோட்டில் அவள் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். பேசினால் ஒரே மூச்சில் இரண்டு குற்றம்: எண்ணை மாற்றினாள், முத்திரையை உடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல்வர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். முதல்வர் கேட்டுக்கொண்டே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பேனர் கட்டியாயிற்று, கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்று, வெளியிலிருந்து விருந்தினர் கிளம்பியாயிற்று என்று அடுக்கினார். பீக்கருக்கு ஓய்வு பெறும் அன்று பெரிய பூங்கொத்தாகக் கொடுத்துவிடலாம் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க பண்டலத் திறக்கவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. போய் முகத்தக் கழுவிட்டு மேடைக்கு வாங்க."

இதுவரை அவள் யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பியதில்லை. இந்த நல்லெண்ணத்தை நம்ப ஒரு காரணமும் இல்லை.

அரங்கத்தில் கணவன் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். ஆசிரியர்களில் தேர்வான விலங்கியல் ஆசிரியர் கேடயம் வாங்கிப் போனார். பிறகு அவளுடைய புகழுரையைப் படித்தார்கள். பிழையே அறியாத கரங்கள் என்று ஒரு வரி வந்தது, அரங்கம் கை தட்டியது. அவள் மேலே ஏறிப் போய், நீட்டிய கேடயத்தை வாங்காமல், மைக்கைப் பிடித்தாள்.

"பதினேழாம் நம்பர் பாரம் என்னோடது இல்ல. எண் போடும்போது நான் ஒரு குத்து அதிகமாக் குத்திட்டேன், பேரு மாறிடுச்சு. நேத்து பண்டல உடைச்சுப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டும் என் தப்பு. இந்தப் பரிசு கெமிஸ்ட்ரி லேப் அண்ணனோடது."

முதல்வர் எழுந்து, சின்னக் குழப்பம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மைக்குக்குக் கை நீட்டினார். எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. கடைசி வரிசையில் பீக்கர் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுப்பிவிட்டார்கள். எழுந்தார், நடக்கவில்லை.

"எம்மேல மெமோ இருக்குங்க. என்னைப் பத்தி யாரு நல்லதா எழுதப்போறா? யாரோ விளையாடறாங்க." பிறகு கேட்டார். "அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு சொல்லச் சொல்லுங்க, நம்பறேன்."

சீல் அக்காவுக்குத் தெரியும். ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்லக் கூடாது. ஒரே வாரத்தில் இரண்டு விதியை மீறிவிட்டாள், மூன்றாவதில் மாட்டப்போவது இன்னொருத்தி. வாயைத் திறக்காமல் நின்றாள். அரங்கமே அவள் முகத்தைப் பார்த்தது. இவள் கதை விடுகிறாளோ என்று அந்தக் கண்கள் கேட்டன. சந்தேகப்படுகிறவளாகவே இருந்து பழகியவளுக்கு, சந்தேகத்தின் எதிரே நிற்பது எப்படி என்று தெரியவில்லை.

இரண்டாவது வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. வேதியியல் மேடம் எழுந்து பின்பக்கம் திரும்பினாள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள். "அந்த லேபிள ஒட்டினதும் நான்தான். மெமோ எனக்கு வந்திருக்கணும். மேல வாங்கண்ணே."

பதினெட்டு வருடம் 'யோவ்' என்று மட்டுமே கூப்பிட்ட அம்மாள். பீக்கர் ஒருமுறை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நடைபாதையில் மெதுவாக நடந்து வந்தார். கைதட்டல் யார் தொடங்கியது என்று தெரியவில்லை. துணை முதல்வர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார், அவள் கணவனும் தட்டிக்கொண்டிருந்தான், அழுதுகொண்டே. அதில் ஒரு தட்டல்கூடத் தனக்கில்லை என்பது சீல் அக்காவுக்கு வலிக்கத்தான் செய்தது. முதல்வர் அவளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, மாலைக்குள் அவள் மேஜைக்குக் கவர் வந்துவிடும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

பீக்கர் மேடைக்கு வந்து, அவள் பெயர் பொறித்த கேடயத்தைத் தழும்புக் கையில் வாங்கினார். விருந்தினரைப் பார்க்கவில்லை, படம் எடுக்கிறவனைப் பார்க்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, மைக்கில் விழாதபடி கேட்டார்.

"தங்கச்சி, இதனால உனக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"எனக்கென்னண்ணே வரப்போகுது" என்றாள் சீல் அக்கா. "நீங்க அங்க திரும்புங்க, போட்டோ எடுக்கறாங்க."